சேவல் உடைக்குள் நுல்போ அண்ணன்

நுல்போ அண்ணனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். பிலிப்பைன்ஸின் நாகா நகரத்தில் பெரிய மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கிக்கோ உணவகத்தில், கல்லூரியில் படித்துக்கொண்டே சேர்ந்த எனக்கு, அன்று முதல் நாள் வேலை. தொப்பியை எந்தப் பக்கம் வைத்துப் போடுவது என்றுகூடத் தெரியவில்லை. மேலாளர் ரோசவில் மேம் என்னைச் சாமான் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய், அங்கே நின்றிருந்த ஆளுயரச் சேவலின் இறக்கையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஜோவென், இவரைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போ. விழுந்தா நீ கீழ, அவர் மேல. புரியுதா?"

கிக்கோவுக்கு மணிலாவில் தெருவுக்கு ஒரு கடை உண்டு. எங்கள் பக்கம் நகரத்துக்கு ஒன்று. பொரித்த கோழிக்குப் பேர் போனது. சிவப்பு ஷூ போட்ட சேவல்தான் கடையின் சின்னம், அதற்கும் கிக்கோ என்றே பெயர். கோழியைத் தின்னக் கூப்பிட ஒரு சேவலே ஆடுவது நியாயமா என்று எங்கள் ஊரில் இதுவரை யாரும் கேட்டதில்லை. குழந்தையின் பிறந்தநாளைக் கடையில் கொண்டாடினால் சேவல் உள்ளேயிருந்து ஆடிக்கொண்டே வரும், பிறந்தநாள் பிள்ளையோடு ஆடும், கேக் வெட்டும்போது பக்கத்தில் நிற்கும், போய்விடும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் பிள்ளைகள் ஒரு வருடம் காத்திருக்கிறார்கள்.

சேவலின் கண்ணால் பார்க்க முடியாது. அது வெறும் பெயிண்ட். அலகுக்குள் ஒரு வலை இருக்கும், அதன் வழியாகக் காலுக்கு முன்னால் கொஞ்சம் தரை தெரியும். ஆகவே இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கூடவே போக வேண்டும். எங்களுக்குள் அதற்குக் 'கைபிடி வேலை' என்று பெயர். உள்ளே இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். ஆகவே எல்லாப் பேச்சும் விரலில்தான். நான் அழுத்தினால் காலடியில் குழந்தை இருக்கிறது என்று அர்த்தம். அவர் அழுத்தினால், மூச்சு முட்டுகிறது, உள்ளே கூட்டிக்கொண்டு போ என்று அர்த்தம்.

அன்று ஆட்டம் முடிந்து சாமான் அறைக்கு வந்ததும் சேவல் தன் தலையைக் கழற்றி எண்ணெய் டின்னின் மேல் வைத்தது. உள்ளே முப்பதைத் தாண்டிய ஒரு மனிதர், தலையில் துண்டு கட்டியிருந்தார், குளத்தில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருந்தார்.

"தம்பி, எந்த ஊரு?"

சொன்னேன். இசரோக் மலையடிவாரத்தில் நார்வாழை போடும் கிராமம் எங்களுடையது.

"அதான். ஆட்டைச் சந்தைக்கு இழுத்துட்டுப் போற மாதிரியே இழுத்த. நான் வெட்டுக்குப் போறேனோன்னு பயந்துட்டேன்."

அவர் முழுப் பெயர் ஆர்னுல்போ பன்டோல். காலபங்காவில் கருவாடு விற்கும் குடும்பம். கடைக்குத் தரை துடைக்க வந்தவர். அதற்கு முன்பு சேவலுக்குள் இருந்தவர் சவுதிக்குப் போய்விட, அன்றைக்கு ஒரு பிறந்தநாள் இருக்க, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே புகுந்தவர்தான். ஊர்த் திருவிழாவில் தெரு ஆட்டம் ஆடிய உடம்பு. ஆனால் இடது கால் சரியில்லை. ஆட்டோ மாதிரி ஆள் ஏற்றும் ட்ரைசைக்கிள் கவிழ்ந்து ஒடிந்த கால், சேர்ந்தபோது கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்துவிட்டது. நடந்தால் இழுக்கும்.

அந்த இழுவையை மறைக்க அவர் செய்ததுதான் வேடிக்கை. பாட்டு ஒரு இடத்தில் நின்று மறுபடி எடுக்கும். அங்கே இடது காலை வேண்டுமென்றே இன்னும் நீளமாக இழுத்து, நிறுத்தி, பின்னால் இருக்கும் வாலை ஆட்டிவிடுவார். வால் பெரியது. ஒருமுறை ஒரு பெரியவரின் கோக்கைத் தட்டிவிட்டது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அடுத்த வாரம் வந்த பிள்ளைகள் தாங்களும் காலை இழுத்தார்கள். நான் சேர்ந்த சமயத்தில் நாகாவின் எந்தப் பள்ளிக்கூட விழாவுக்குப் போனாலும் கிக்கோ பாட்டுப் போட்டால் அத்தனை பிள்ளைகளும் நொண்டினார்கள்.

மணிலாவிலிருந்து ஆட்டம் சொல்லித் தரும் ஒருவர் வந்தார். பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"எல்லாக் கிளையிலயும் கிக்கோ ஒரே கிக்கோதான். இங்க மட்டும் ஏன் காலை இழுக்குது?"

"இனிமே இழுக்காது சார்," என்றார் நுல்போ அண்ணன். பயிற்சியாளர் பஸ் ஏறுகிற வரை இழுக்கவில்லை.

ஆனால் பயிற்சியாளர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. இந்த மாதிரிக் கடைகளை மட்டமாகப் பேசும் நண்பர்கள் கல்லூரியில் எனக்கு இருந்தார்கள். எல்லா ஊரிலும் ஒரே கோழி, ஒரே நாற்காலி, இதில் என்ன இருக்கிறது என்பார்கள். அதில்தான் இருக்கிறது என்பேன் நான். என் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு அன்று மத்தியானம் அப்பா அம்மாவைச் சாப்பிட எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கவே இல்லை. மேசைத்துணி போட்ட ஓட்டலுக்குப் போயிருந்தால் அப்பா தன் ரப்பர் செருப்பை நாற்காலிக்கடியில் ஒளித்துக்கொண்டே சாப்பிட்டிருப்பார். கிக்கோவில் யார் செருப்பையும் யாரும் பார்ப்பதில்லை. மணிலாப் பணக்காரன் தின்னும் அதே கோழித்துண்டு, அதே இனிப்பு ஸ்பாகெட்டி, அதன் மேல் அதே சிவப்பு சாசேஜ் வில்லைகள் அவர் தட்டுக்கும் வந்தன. கிரேவியை எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் அப்பா சோற்றைக் குழம்பில் மிதக்கவிட்டுச் சாப்பிட்டார். துபாயிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வருகிறவர்கள் பெட்டியோடு நேரே கிக்கோவுக்கு வந்து உட்காருவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வீடு மாறியிருக்கும், பிள்ளை வளர்ந்திருக்கும், மனைவி இளைத்திருப்பாள். கிரேவி மாறியிருக்காது.

நுல்போ அண்ணனிடம் திரும்புகிறேன்.

கம்பெனிக்கு இன்னும் சில சட்டங்கள் உண்டு. குழந்தைகள் பார்க்கும் இடத்தில் தலையைக் கழற்றக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு கிக்கோக்கள் கண்ணில் படக் கூடாது. உள்ளே இருப்பது யாரென்று எந்தக் குழந்தையிடமும் சொல்லக் கூடாது, பெற்ற குழந்தையிடமும்தான். அவருக்கு ஒரே மகள், ரிசெல். கிக்கோ என்றால் உயிர். அப்பா கடையில் கோழி பொரிக்கிறார் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சாயங்காலம் வீட்டில் அவள்தான் அப்பாவுக்குக் கிக்கோ ஆட்டம் சொல்லிக் கொடுப்பாள்.

"காலை இழுக்கணும்ப்பா. இப்படி. உனக்கு ஏன் வரவே மாட்டேங்குது?"

அடுத்த நாள் சாமான் அறையில் இதை அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "வேணும்னே தப்பா ஆடுறேன்டா. சரியா ஆடினா கண்டுபிடிச்சிருவா. எமகாதகி."

ரிசெலுக்கு ஏழாவது பிறந்தநாள் வந்தது. எங்களில் ஏழாவது பிறந்தநாளை யாரும் சாதாரணமாக விடுவதில்லை. அதைக் கிக்கோவில் வைப்பது என்று அவள் ஐந்து வயதிலேயே முடிவு செய்துவிட்டாள். எனக்கு அது மூன்றாம் வருடப் படிப்பு. ஒருநாள் தலையைக் கழற்றியதும் நுல்போ அண்ணன் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஊர்ல இருக்கிற அத்தனை பிள்ளைங்க கேக் வெட்டும்போதும் பக்கத்துல நின்னுருக்கேன். என் பிள்ளை வெட்டும்போது அப்பனா நிக்க முடியாது போல."

"கிக்கோ வரலைன்னு சொல்லிட்டா?"

"கிக்கோ வராத பிறந்தநாளுக்கு அவளே வர மாட்டா."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ரோசவில் மேம் அங்கேயே போனை எடுத்தார். லெகாஸ்பி கிளையில் போங் என்று ஒரு பையன், சேவல் ஆட்டப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன். அவனை அன்றைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். அனுப்பினார்கள். போங் தன் உடையை அரிசி மூட்டை மாதிரி கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். அவரவர் அளவுக்குத் தைத்த உடை. இன்னொருவருடையது சரியாக இருக்காது.

அன்று நுல்போ அண்ணன் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்தார். வாசல் வழியாக வந்தார். பல வருடமாகப் பின்கதவில் நுழைந்தவர் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒரு கணம் நின்றார். கூட மனைவி ஐலீன், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், ரிசெலின் பள்ளித் தோழிகள். காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்பாகெட்டி வந்தபோது என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வாடிக்கையாளராம்.

ரோசவில் மேம் மைக்கில் கிக்கோவைக் கூப்பிட்டார். பிள்ளைகளும் கத்திக் கூப்பிட்டார்கள். நான் போங்கின் இறக்கையைப் பிடித்து அழைத்து வந்தேன். பாட்டு ஆரம்பித்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. மணிலா வீடியோவில் இருப்பது அப்படியே இம்மி பிசகாமல் வந்தது. பாட்டு நின்று எடுக்கும் இடமும் வந்தது. அங்கே போங் அழகாக ஒரு சுற்றுச் சுற்றினான். பிள்ளைகள் அத்தனை பேரும் இடது காலை இழுத்து, இல்லாத வாலை ஆட்டினார்கள். சுற்றிய சேவல் முன்வரிசைப் பிள்ளைகள் மேல் மோதி நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. ரிசெல் ஆட்டத்தை நிறுத்தினாள். சேவலை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இது நம்ம கிக்கோ இல்ல."

"டூப்பு," என்றான் பக்கத்து வீட்டுப் பையன்.

"எங்க கிக்கோவை என்ன பண்ணீங்க?" என்றாள் ஒரு தோழி என்னிடம், நான் விற்றுவிட்டதுபோல.

நுல்போ அண்ணன் குனிந்து மகளிடம், "நல்லாத்தானே ஆடுறாரு?" என்றார்.

"உனக்கு ஆட்டத்தைப் பத்தி என்னப்பா தெரியும்?" குரல் உடைந்துவிட்டது. "வேற யாரையோ அனுப்பியிருக்காங்க. நீ இங்கதானே வேலை பாக்குற. போய்க் கேளு."

ஐலீன் கணவரைப் பார்த்தாள். "உக்காருங்க நீங்க," என்றாள் மெல்ல. அவர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் விளிம்பு கட்டி நின்றது, இன்னும் விழவில்லை.

"கேட்டுட்டு வர்றேன்," என்று எழுந்தார்.

சாமான் அறையில் போங் தலையைக் கழற்றிவிட்டு அழாத குறையாக நின்றான்.

"அண்ணே, போட்டியில ஜெயிச்ச ஆட்டம் இது. டூப்புங்கிறானுங்க."

"நீ சரியாத்தான் ஆடின. இந்த ஊர்ப் பிள்ளைங்களை நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்."

ரோசவில் மேம் பின்னாலேயே வந்தார். "நுல்போ, நீ போய் உக்காரு. ஏதாவது விளையாட்டு வச்சுச் சமாளிக்கிறேன். இந்த ஒரு நாளுக்காகத்தானே அத்தனை தூரத்துலேருந்து ஆளை வரவழைச்சேன்."

நுல்போ அண்ணன் போங்கின் சேவல் தலையைப் பார்த்தார். பிறகு காகிதக் கிரீடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நீலச் சட்டையைக் கழற்றி, மடங்காமல், மாவு மூட்டை மேல் விரித்தார்.

"இவ்வளவு ஆசைப்பட்டு வந்துட்டு, ஏன்ண்ணே?" என்றேன்.

"நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், அவ அழுதுட்டு இருக்கா. அதுக்கா ஆசைப்பட்டேன்? காலைத் தூக்கி விடு, உடை ஏறலை."

அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கதவருகே ரிசெல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சேவல் ஓர் அடி வைத்தது. இடது கால் இழுத்தது. அவ்வளவுதான். ஓடிவந்து வயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

பாட்டை மறுபடி போட்டார்கள். நான் அந்தக் கடையில் பார்த்ததிலேயே பெரிய ஆட்டம் அது. வால் எதை எதைத் தட்டியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. நடுவில் ரிசெல் அலகுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ரகசியம் சொன்னாள். கைபிடித்து நின்றதால் எனக்கும் கேட்டது.

"நீ எங்க போயிருந்த? இங்க ஒரு டூப்பு வந்துச்சு. எங்கப்பாதான் உள்ள போய்ச் சண்டை போட்டு உன்னை வரவழைச்சாரு."

சேவல் தலையை ஆட்டியது. இறக்கைக்குள் அவர் விரல்கள் என் கையை இறுக்கின. மூச்சு முட்டுகிறது என்பதற்கான அழுத்தமா என்று குழம்பி உள்ளே இழுத்தேன். வரவில்லை. அது வேறு அழுத்தம்.

கேக் வந்தது. மெழுகுவத்தி ஏற்றினார்கள். ரிசெல் ஒரு கையால் சேவலின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா எங்க? அப்பா வந்தாத்தான் ஊதுவேன்."

"வருவாரு, நீ ஊது கண்ணு," என்றாள் ஐலீன்.

"அவர் வரட்டும். கிக்கோவும் இருக்கட்டும்."

மெழுகு கேக்கின் மேல் சொட்ட ஆரம்பித்தது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. "கிக்கோவுக்குத் தாகம், ஒரு வாய் குடிச்சுட்டு ஓடி வந்துரும்," என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். போங் தன் உடையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது கடவுள் புண்ணியம்.

"தலையை மாட்டு. போய் அவ பக்கத்துல நில்லு. ஆடாத. நடக்கும்போது இடது காலை இழு," என்று நுல்போ அண்ணன் அவனிடம் சொன்னார்.

"மறுபடி டூப்புன்னு சொன்னா?"

"நின்னா எல்லாக் கிக்கோவும் ஒண்ணுதான்," என்றார் சட்டைக்குள் கையை நுழைத்தபடி. மணிலாக்காரர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

போங்கைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பாவம், தூண் மாதிரி நின்றான். ரிசெல் இறக்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நொடி அண்ணாந்து பார்த்தாள். அதற்குள் நுல்போ அண்ணன் வந்துவிட்டார். தலைமுடி சொட்டச் சொட்ட, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப்போய்.

"எங்கப்பா போன? கிக்கோ வந்து எப்படி ஆடுச்சு தெரியுமா? நீ பாக்கவே இல்ல."

"உள்ள பேசிட்டு இருந்தேன்மா."

"இவ்வளவு நேரமா? ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"கோவமாப் பேசினேன்."

அவள் யோசித்தாள். அப்பா மேல் கோபப்படுவதா வேண்டாமா என்பது முகத்தில் ஓடியது. பிறகு சேவலை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"சரி விடு. வீட்டுக்குப் போய் நான் ஆடிக் காட்டுறேன். ஒண்ணு விடாம."

"காட்டு," என்றார்.

ஊதினாள். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் ஐலீன் காமெராவைப் பார்க்காமல் கணவரைப் பார்க்கிறாள். போங் லெகாஸ்பிக்குத் திரும்பும்போது மீதிக் கேக்கில் பாதியை நுல்போ அண்ணன் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். உடை மூட்டை ஒரு தோளில், கேக் ஒரு கையில், அவன் பஸ் ஏறியதை நான் பார்த்தேன்.

நுல்போ அண்ணனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. அதே கிளையில்தான் இருக்கிறார். முழங்கால் ஒத்துழைக்காததால் வார நாட்களில் பணமேசையில் நிற்கிறார், ஞாயிற்றுக்கிழமைப் பிறந்தநாள்களுக்கு மட்டும் சேவலுக்குள் போகிறார். ரிசெல் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கு விஷயம் தெரியும், அவரே சொல்லிவிட்டார். நான் நகராட்சி அலுவலகம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். சம்பளம் வந்த வாரம் கிக்கோவுக்குப் போவேன். கிரேவி இன்னும் மாறவில்லை.